நாற்பத்தெட்டு வோல்ட்

பைக்குள் இத்தனை ஒயர் இருக்கும் என்று அந்தப் பெண் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவள் அவள். "ரொம்ப ஈஸிம்மா, பேப்பர்ல படம் போட்டிருக்கு, பார்த்துப் பார்த்து மாட்டினா போதும்" என்று சிரித்த முகத்தோடு பையைக் கையில் திணித்து அனுப்பிவிட்டாள். இப்போது அதைக் கட்டிலின் மேல் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தையற்காரம்மா இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். ஒரு லேப்டாப். செங்கல் அளவுக்கு ஒரு பெட்டி, அதன் முகத்தில் குமிழும் ஓட்டையுமாக ஒரே கூட்டம். ஒரு மைக், அதை நிறுத்தி வைக்க ஒரு ஸ்டாண்டு, ஒரு ஹெட்போன். மிச்சமெல்லாம் ஒயர். கறுப்பாக மூன்று அடாப்டர்கள் வேறு, ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி. பேப்பரில் இருந்த படத்திலோ ஒரே ஒரு அடாப்டர்தான் இருந்தது.

நாள் இருந்தால் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம். நாள் எங்கே இருக்கிறது? நாளைக் காலை ஏழு மணிக்கு அவள் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாக வேண்டும். மறுநாள் ஆபரேஷன். தொண்டையில் கட்டி. கட்டியோடு சேர்த்துக் குரல்வளையையே எடுத்துவிடுகிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று டாக்டர் மூன்று தடவை சொன்னார். இனிமேல் பேச்சு இருக்காது என்பதை மட்டும் ஒரே தடவைதான் சொன்னார்.

அதற்காகத்தான் இந்தப் பை. அறுபது வாக்கியங்களை அவர் குரலில் பதிவு செய்து கொண்டுவந்தால் ஒரு சின்னக் கைக்கருவியில் ஏற்றித் தருவார்களாம். பொத்தானை அழுத்தினால் அவர் குரலிலேயே பேசுமாம். ஆஸ்பத்திரியிலேயே செய்திருக்கலாம். ஆனால் அந்தக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்ததும் மனுஷனுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "நாங்க வீட்டுலயே பண்ணிக்கறோம்மா, குடு" என்று வீராப்பாகக் கேட்டு வாங்கி வந்தவள் சாட்சாத் இவள்தான். அவளுக்குத் தைரியத்துக்கு மட்டும் எப்போதும் குறைச்சல் இல்லை.

"ஏங்க, இந்த மூணுல எதுங்க?"

அவர் பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. குரலைச் சேர்த்து வையுங்கள், பதிவுக்கு மட்டும் பேசுங்கள் என்று உத்தரவு. இருக்கிற குரலே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் தாங்கும், அப்புறம் மணல் அள்ளிப் போட்ட மாதிரி ஆகிவிடும். அதனால் நாலு நாளாக ஒரு கறுப்பு லைனிங் துணியில் அவளுடைய தையல் சாக்பீஸால் எழுதிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

இருந்தாலும் கரண்ட் விஷயம் என்றால் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இருபத்தெட்டு வருஷம் மின்சார வாரியத்தில் லைன்மேன். மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மூன்று அடாப்டர்களின் அடியையும் படித்தார், பெட்டியின் முதுகைப் படித்தார், ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதைச் சுவரில் சொருகினாள். பெட்டியில் ஒரு விளக்கும் எரியவில்லை. வேறு பிளக்கில் சொருகினாள். அதிலும் இல்லை.

"ஊருக்கெல்லாம் வெளிச்சம் போடுற மனுஷன் வீட்டுல ஒரு பிளக்காவது உருப்படியா இருக்கா?" என்றாள். அவர் சிரிக்காமல் டெஸ்டரை எடுத்து வந்து, மூன்றாவது பிளக்கைத் தொட்டுப் பார்த்து, இதில் போடு என்று கண்ணால் காட்டினார். பெட்டி பச்சையாக விழித்துக்கொண்டது. அவளுக்கு அப்பாடா என்று இருந்தது.

பேப்பர் சொன்னபடியே எல்லாம் நடந்தது. துணி இருக்கிற இடத்தில் எதிரொலி அடங்குமாம், அதனால் படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் மைக்கும் பெட்டியும். லேப்டாப்பின் காற்றாடி உறுமுவதால் அதை முன்னறையில், தையல் மெஷின் மேஜை மேல் வைத்தாள். நடுவே நீள ஒயர் கதவுக்கு அடியில் ஓடியது. ஏழாவது படி வந்தபோதுதான் தகராறு. பெட்டியில் நாற்பத்தெட்டு வோல்ட் என்று எழுதிய பொத்தானை அழுத்த வேண்டும், சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அழுத்தினாள். எரிந்தது.

"நாப்பத்தெட்டு வோல்ட்டா? மைக்லயா?" என்று அவர் வாயைத் திறந்தே கேட்டுவிட்டார்.

"ஷ்! பேசாதீங்க. பேப்பர்ல போட்டிருக்கு."

துணியில் அவசரமாக எழுதினார்: மைக்குக்குக் கரண்ட் வேண்டாம். சங்க மேடையில் இருபது வருஷம் பிடிச்சிருக்கேன்.

"அது உங்க சங்கத்து மைக்கு. இது ஆஸ்பத்திரி மைக்கு. எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்காதீங்க, எனக்கே தலையும் புரியல வாலும் புரியல."

அவர் எழுதியதைத் துடைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவர் பேசாமல் இருந்தால் விவகாரம் முடிந்தது என்பது முப்பது வருஷமாக அவள் வைத்திருக்கும் எண்ணம்.

முன்னறையில் லேப்டாப்பில் பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு வந்து மைக் முன்னால் நின்று அவளே "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்றாள். அவர் வாசற்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். தொண்டை வலி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். திரும்பப் போட்டுக் கேட்டால் கணீரென்று விழுந்திருந்தது.

"ஐயய்யோ, என் குரலா இது? இவ்வளவு கீச்சுன்னா இருக்கு? இதையா இத்தனை வருஷம் கேட்டுக்கிட்டிருந்தீங்க?"

அவர் ரொம்பப் பொறுமையாகத் தலையாட்டினார்.

ஆக எல்லாம் சரி. அவரை மைக் முன்னால் உட்கார வைத்தாள். கதவைச் சாத்தினாள். முன்னறைக்குப் போய்ப் பதிவைத் தட்டினாள், திரும்பி வந்து கதவை இரண்டு தட்டு தட்டினாள், ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம். மறுபடி ஓடிப்போய் உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

ஒன்றும் கேட்கவில்லை.

ஹெட்போனைத் தட்டிப் பார்த்தாள். கழற்றிவிட்டுக் காதைத் தீட்டினால் கதவுக்குப் பின்னால் அவர் முணுமுணுவென்று படித்துக்கொண்டிருப்பது நன்றாகவே கேட்டது. மாட்டினால் மயான அமைதி. திரையில் அவள் பேசியபோது எகிறிக் குதித்த கோடு இப்போது ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராகப் போய்க்கொண்டிருந்தது. எல்லாம் முடிந்த பிறகு சேருமோ என்னவோ என்று பத்து வாக்கியம் முடிகிற வரைக்கும் திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சேரவில்லை.

உள்ளே போய்ப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிகிறது. சிவப்பு விளக்கு எரிகிறது. ஒயர் எதுவும் கழன்றிருக்கவில்லை.

"பேசுனீங்களா?"

தலையாட்டினார்.

"மைக்கைப் பார்த்துத்தானே?"

அவர் பார்த்த பார்வையிலேயே பதில் இருந்தது. அவரை எழுப்பிவிட்டு அவளே ஒரு முறை பேசிப் பார்த்தாள். கீச்சுக்குரல் அட்சரம் பிசகாமல் விழுந்தது. சரி, முதல் தடவை ஏதோ கோளாறு என்று மறுபடி அவரை உட்கார வைத்துக் கதவைச் சாத்தி, தட்டி, ஓடி, மாட்டினாள். மறுபடி அதே நேர்கோடு. இந்தத் தடவை இன்னொன்றையும் கவனித்தாள். கோட்டின் தொடக்கத்தில் ஊசி மாதிரி ஒரு முள், கடைசியில் ஒரு முள். நடுவில் அவர் படித்த பத்து வாக்கியமும் இருக்க வேண்டிய இடம் துடைத்து வைத்த மாதிரி கிடந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பக்கத்துத் திரைகளில் ஓடுகிற கோடு நினைவுக்கு வந்தது. அவள் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பேச்சுப் பயிற்சிப் பெண்ணுக்குப் போன் போட்டாள்.

"சிவப்பு லைட் எரியுதாம்மா?"

"எரியுதே."

"உங்க குரல் விழுதா?"

"என் குரல் விழுதும்மா. அவர் குரல்தான் விழ மாட்டேங்குது."

"அப்படி இருக்காதேம்மா. குரல் ரொம்பச் சன்னமா இருக்கோ என்னவோ. அந்தப் பெரிய குமிழைக் கடைசி வரைக்கும் திருப்பி வச்சுப் பாருங்க."

திருப்பினாள். அது போதாதென்று மாடிவீட்டு மைக்செட்காரரையும் கூப்பிட்டுவிட்டாள். பார்க்கிற மைக்கிலெல்லாம் ஹலோ சொல்லிச் சொல்லி அவருக்கு 'ஹலோ' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வந்தவர் ஒயரையெல்லாம் கழற்றினார், ஊதினார், வேட்டியில் துடைத்தார், திரும்ப மாட்டினார். வீட்டுக்காரர் சமையலறையில் வெந்நீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொண்டிருந்த நேரத்தில் மைக் முன்னால் நின்று, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று முழங்கினார். குமிழ் கடைசி வரை திருப்பியிருந்ததா, முன்னறையில் ஹெட்போன் மாட்டியிருந்தவள் துள்ளி விழுந்தாள்.

"பார்த்தீங்களா அக்கா, அருமையா எடுக்குது. அண்ணனைக் கூப்பிடுங்க."

மூன்றாவது தடவை. கதவு, தட்டு, ஓட்டம், ஹெட்போன். ஹலோவும் அவளும் திரையையே பார்த்தார்கள். ஒரு முள், நேர்கோடு, ஒரு முள்.

ஹலோவின் முகத்தில் இருந்த களை இறங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தி, "அக்கா, மிஷின்ல ஒரு குறையும் இல்லக்கா" என்றார். விறுவிறுவென்று படியேறிவிட்டார்.

மிஷினில் குறை இல்லையென்றால் வேறு எதில் குறை? ஊரில் எவர் குரலையும் எடுக்கிற கருவி அவர் குரலை மட்டும் ஏன் எடுக்கவில்லை? பைத்தியக்கார எண்ணம்தான், அவளுக்கே தெரிந்தது. ஆனாலும் அந்த மனுஷனின் குரல் இப்போதே இந்த உலகத்தை விட்டுப் புறப்பட்டுவிட்டதோ, தன் காதில் விழுவது வெறும் பழக்க தோஷமோ என்று ஒரு பயம் பிடித்துக்கொண்டது. உள்ளே அவர் துணியில் எழுதி வைத்திருந்தார்: எனக்குக் குரலே இல்லை போல. விடு.

"விடறதாவது! வாயை மூடுங்க" என்று அதட்டினாள், பேசாத மனுஷனைப் பார்த்து.

முப்பது வாக்கியத்துக்கான குரல் வீணாகிவிட்டது. மணி நாலு. நாலாவது தடவை பதிவைத் தட்டிவிட்டு எழுந்து போய்க் கதவைத் தட்ட அவளுக்கு மனசு வரவில்லை. உட்கார்ந்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, சும்மா, எதற்கென்றே தெரியாமல், ஹெட்போனை எடுத்து மாட்டினாள்.

நாற்காலி கிறீச்சிட்டது. காகிதம் புரண்டது. ஒரு மூச்சு. மூக்கு லேசாக அடைத்த, விசில் கலந்த அந்த மூச்சை அவளுக்குத் தெரியாதா? முப்பது வருஷம் அதன் பக்கத்தில் படுத்தவள். கோடு சின்னச் சின்னதாக அலைந்தது.

எடுக்கிறதே! அவரை எடுக்கிறதே! அவளுக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தவில்லை. ஹெட்போனைக் கழற்றாமலே, மேஜை மேல் கிடந்த தையல் ஸ்கேலை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே மேஜையில் ஓங்கி இரண்டு தட்டு தட்டினாள்.

காதுக்குள் அவர் தனக்குத்தானே சொல்வது கேட்டது. "ஆஃப் பண்றேன்."

டப்.

அப்புறம் ஒன்றுமே இல்லை.

ஒரே பாய்ச்சலில் போய்க் கதவைத் திறந்தாள். மனுஷன் ஒரு கையில் காகிதத்தோடு மைக்கை நோக்கிக் குனிந்திருந்தார். மறு கையின் விரல் அந்த நாற்பத்தெட்டு வோல்ட் பொத்தானின் மேல் இருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை.

"அடப் பாவி மனுஷா!"

அவர் விரலை எடுக்கவில்லை.

"மூணு தடவையும் இதைத்தான் பண்ணீங்களா? படிச்சு முடிச்சதும் திரும்பப் போட்டு வச்சீங்களா? நான் ஒருத்தி வெளியில பைத்தியம் பிடிச்சு உட்கார்ந்திருக்கேன், நீங்க உள்ள உட்கார்ந்து ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி விளையாடிக்கிட்டு இருக்கீங்க! உங்க குரல் போயிடுச்சுன்னு நினைச்சேங்க! செத்துப் பிழைச்சேன் தெரியுமா?"

அவர் சாக்பீஸைத் தேடினார், கிடைக்கவில்லை. வாயைத் திறந்தே சொன்னார். "கை வைக்கறதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணணும். வேலை முடிஞ்சு கையை எடுத்தப்புறம்தான் போடணும். அதான் முறை."

"இது என்ன கம்பமா? மைக்குங்க! அந்தக் கரண்ட் இல்லன்னா இதுக்குக் காது கேக்காதுன்னு பேப்பர்ல போட்டிருக்கு."

"நாப்பத்தெட்டு வோல்ட்," என்றார் அவர். குரல் பாதியில் உடைந்தது. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "அந்த ஒயரோட மறுமுனை உன் காதுலல்ல இருக்கு."

அவளுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. கூட வேலை பார்த்த ஒருவர், எவனோ கேட்காமல் சுவிட்சைப் போட்டதில் இவர் கண்ணெதிரே கம்பத்திலிருந்து விழுந்தார். அதிலிருந்து இந்த வீட்டில் மிக்ஸியைக் கழுவக்கூட அவரிடம் உத்தரவு வாங்க வேண்டும். தையல் மெஷினில் மோட்டார் மாட்டிய நாளிலிருந்து, ஊசி மாற்றப் போனால், நூல் சிக்கினால், எங்கிருந்தாவது அவர் குரல் வந்துவிடும். நச்சு நச்சு என்று ஒரே நச்சு. ஒரு நாள் ஊசி அவள் விரலில் இறங்கிய பிறகு அந்த நச்சு இரண்டு மடங்கானது.

"சரி," என்று மூக்கை உறிஞ்சினாள். "நான் காதுல மாட்டல. தூர வச்சுட்டு வெறும் திரையை மட்டும் பார்க்கறேன். அப்ப போடுவீங்களா?"

யோசித்தார். டெஸ்டரால் மைக்கின் உடம்பைத் தொட்டுப் பார்த்தார், டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை அவளுக்கும் காட்டினார். பிறகு அவரே பொத்தானை அழுத்தினார்.

இந்தத் தடவை அவள் ஹெட்போனில் கேட்கவில்லை, திரையைப் பார்த்தாள். நேராகப் போய்க்கொண்டிருந்த கோடு திடீரென்று பொங்கியது. நேர்த்தையலை விட்டு மெஷின் வளைத்து வளைத்துப் போடுகிற தையலுக்கு மாறின மாதிரி, மேலும் கீழும், மேலும் கீழும். அவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காகிதத்தில் இருந்ததோ ஆஸ்பத்திரித் தமிழ். 'எனக்குக் குடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும்.' 'தயவுசெய்து சன்னலைச் சாத்தவும்.' இப்படி ஒரு நாளும் அவர் பேசியதில்லை. நாலு வாக்கியத்துக்குப் பிறகு அவரே அதையெல்லாம் தள்ளிவிட்டு, "தண்ணி குடு," "ஜன்னலச் சாத்து, கொசு வருது" என்று தன் வழிக்கு வந்துவிட்டது கதவு வழியாகவே கேட்டது. இருபத்துமூன்றாவதில் குரல் அறுந்தது. கனைப்புச் சத்தம் மட்டும் வந்தது.

அவள் உள்ளே போய் வெந்நீர் கொடுத்தாள். அறுபதில் இருபத்துமூன்று. போதாது, ஆனாலும் இருக்கிறது. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு முடியுமா? பேப்பர்ல இருக்கறது வேண்டாம். உங்களுக்கா தோணறது ஏதாவது." எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்குன்னு."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். சரி என்று தலையாட்டினார். அவள் புதுப்பெண் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்தாள். கோடு வெகு நேரம் சும்மா கிடந்தது. பிறகு சின்னதாக மூன்று மேடு எழும்பி அடங்கியது. அவ்வளவுதான்.

பொத்தானையெல்லாம் அணைத்து, எல்லாம் அடங்கிய பிறகு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைப் போட்டுக் கேட்டாள். கரகரத்த குரலில் அவர் சொல்லியிருந்தது இதுதான்: "சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத் தொடு."

"ச்சே!" என்று வாய்விட்டே சொன்னாள். முப்பது வருஷக் குடித்தனத்துக்கு இந்த மனுஷனுக்குக் கடைசியாகச் சொல்லத் தோன்றியது இதுதானா? கல்லுக்குள்ளே ஒரு சொட்டாவது ஈரம் வேண்டாமா? உள்ளே போய், "இதுக்கா குரலைச் செலவு பண்ணீங்க?" என்று கேட்டாள். அவர் நன்றாகத்தானே சொன்னேன் என்கிற மாதிரி பார்த்தார். ராத்திரி சாப்பாடு வரைக்கும் அவள் அவரோடு பேசவில்லை. அவருக்கோ பேச முடியவில்லை. மறுநாள் ஏழு மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள்.

ஆறு வாரம் கழிந்தது. கழுத்தில் கட்டோடு அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கைக்கருவி மடியிலேயே இருந்தது, ஆனால் தொடவில்லை. தாகம் எடுத்தால் சாடை காட்டினார், மற்றதற்கெல்லாம் சாக்பீஸும் கறுப்புத் துணியும். ஆசையாகத்தான் வாங்கி வந்தோம், பிடிக்கவில்லை போலிருக்கிறது, என்று அவளும் கட்டாயப்படுத்தவில்லை. வீடு முழுக்க மெஷின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மத்தியானம் ஒரு தடித்த திரைச்சீலைத் துணியில் ஊசி மாட்டிக்கொண்டது. மெஷின் நின்றுவிட்டது. அவள் ஏதோ யோசனையில் ஊசிக்கு அடியில் இரண்டு விரலை விட்டு நூலைப் பிடுங்கப் போனாள். கால் மிதியின் மேலேயே இருந்தது.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத் தொடு."

கை அப்படியே நின்றது. கரகரப்பு, மூச்சு, அந்தக் கடுகடுப்பு, ஒன்றும் குறையவில்லை. எங்கிருந்தாவது வருகிற அதே குரல், முதுகுப் பக்கத்திலிருந்து வந்தது. திரும்பினாள். கதவோரத்து நாற்காலியில் அவர் கருவியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு, பொத்தானை இன்னொரு தடவை அழுத்தினார்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டுத் தொடு."

"சரி சரி, காது கேக்குது," என்றாள். எப்போதும் சொல்கிற பதில். சுவிட்சை அணைத்தாள், சிக்கிய நூலை எடுத்தாள், ஊசியைத் துடைத்தாள். அவர் திருப்தியாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

பிறகு, அவர் பார்க்கிறாரா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, சுவிட்சைப் போட்டுவிட்டு ஊசிப் பக்கம் மறுபடி கையைக் கொண்டுபோனாள்.